சர்ச் லேன் வயல் – 11: மூன்று முழு நாள்

“யார் யார் எந்தப் பக்கம்னு பேர் போட்டு எழுதணும். நான் கேக்குறேன்.”

பெத்தன் ப்ரீஸ் என்ற இளம்பெண் இதைச் சொன்னபோது மணி பத்து இருபது. அதுவரை மார்ல்டன் கிராம மண்டபத்தில் யாரோ பிஸ்கட் கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

இதைக் கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பிப்ரவரியில் அவள் ஊர்ச் சபையான பாரிஷ் கவுன்சிலில் சேர்ந்த அன்று அம்மா சொன்னாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் மறுபடி சொன்னாள். இன்று காலையும் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “ரோட்டுல பள்ளம் இருக்கா, கேளு. பஸ் ஏன் வரலன்னு கேளு. பேரை மட்டும் கேட்டுடாதே பெத்.”

அம்மா கிளெனிஸ் வெறும் அம்மா இல்லை. அந்தக் கவுன்சிலின் கிளார்க். பதினான்கு வருஷமாக அஜெண்டா தயாரிப்பது, அதை ஊர்ப் பலகையில் ஒட்டுவது, பேசினதைக் குறிப்பெடுப்பது, மினிட்ஸ் எழுதுவது, கடைசியில் கோப்பை கழுவுவது எல்லாம் அவள்தான். இப்போது மேஜையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த பேனா அப்படியே நின்றிருந்தது.

மார்ல்டனில் ஓட்டு எண்ணுகிற பழக்கம் கிடையாது. சட்டத்தில் உண்டு. பழக்கத்தில் இல்லை. மேஜையைச் சுற்றி ஏழு பேர் உட்காருவார்கள், பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் சேர்மன் ஆப்ரி விட்கோம்ப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், ஒரு சுற்றுப் பார்ப்பார், “கூட்டத்தோட மனசு எனக்குப் புரியுது” என்பார். அவருக்கு என்ன புரிந்ததோ அதுதான் முடிவு. எந்தப் பக்கமும் சாய விரும்பாதவர்கள் அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். திரும்பினவர்களை எல்லாம் சேர்மன் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். மினிட்ஸில் ‘கூட்டம் கருதியது’ என்று ஒரே வரி வரும்.

அதனால்தான் மறுநாள் காலையில் இந்த ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிகிறது என்பது அம்மாவின் கட்சி. அதனால்தான் இந்த ஊரில் ஒன்றுமே நடப்பதில்லை என்பது பெத்தனின் கட்சி.

நடக்க வேண்டிய விஷயம் சர்ச் லேன் வயல். அதன் மூலையில் உள்ளூர்க்காரர்களுக்காக ஆறு சின்ன வீடுகள், குறைந்த வாடகைக்கு. கட்டித்தர ஒரு வீட்டுவசதிச் சங்கம் தயாராக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: பாரிஷ் கவுன்சில் ‘எங்களுக்குச் சம்மதம்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு கூட்டத்தில் பேச்சு வந்தது. இரண்டு தடவையும் சேர்மனுக்குக் கூட்டத்தின் மனசு ‘பொறுத்திருப்போம்’ என்றே புரிந்தது. போன வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வராவிட்டால் அந்த ஆறு வீடும் வேறு ஊருக்குப் போய்விடும். அதற்காகத்தான் இந்த அவசரக் கூட்டம், சனிக்கிழமை காலையில்.

அந்த ஆறில் ஒன்று தம்பி கேரத்துக்கும் அவனுடைய கார்லிக்கும் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் அவர்களுக்கு இந்த ஊரில் கூரை இல்லை. இப்போது டெரெக் ப்ரோபர்ட்டின் பண்ணைக்குப் பின்னால் ஒரு கேரவனில் இருக்கிறார்கள். செப்டம்பர் முடிவதற்குள் கேரவனை எடுத்துவிட வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. குழந்தை பிறக்கப் போவதும் செப்டம்பரில்தான்.

இதையெல்லாம் மனசில் வைத்துத்தான் பெத்தன் வாயைத் திறந்தாள். பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் அரசியல் படித்தவள். அவர்கள் குடும்பத்தில் பதினாறு வயதுக்கு மேல் பள்ளிக்கூடப் படியேறின முதல் ஆள். விதி எண் தெரியும், வாசகம் தெரியும். ஒரே ஒரு உறுப்பினர் கேட்டால் போதும், பேர் போட்டே ஆக வேண்டும்.

சேர்மன் கண்ணாடியைக் கழற்றவில்லை. மாட்டியே வைத்திருந்தார்.

“தாராளமா எழுதலாம் மிஸ் ப்ரீஸ்,” என்றார். குரலில் கோபம் துளிக்கூட இல்லை. “ஆனா விதிப்படி போகணும்னா முழுசாப் போயிடுவோமே. இந்த விஷயத்துல உங்க குடும்பத்துக்கு ஏதாவது ஆதாயம் உண்டா?”

அஜெண்டாவின் இரண்டாவது வரி அது. ‘சொந்த ஆதாயம் உள்ளவர்கள் அறிவிக்கவும்.’ மார்ல்டனில் அந்த வரியை இதுவரை யாரும் நின்று படித்ததில்லை. ஏழு பேரில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். படிக்க ஆரம்பித்தால் மேஜையைச் சுற்றி நாற்காலிதான் மிஞ்சும்.

“தம்பிக்கு ஒரு வீடு கிடைக்கலாம்,” என்றாள் பெத்தன். பொய் சொல்ல வரவில்லை.

“அப்போ நீங்க வெளிய இருக்கணும். விதி எண் என்னன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அவள் எழுந்தாள். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. ஆறு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் அவளைப் பார்த்தாள், ஒரு கணம்.

மண்டபத்தை ஒட்டின சமையலறையில் போய் நின்றாள். நடுவில் தேநீர் நீட்டுகிற சின்ன மரக்கதவு மட்டும்தான். மூடியிருந்தாலும் எல்லாம் கேட்டது. அம்மா ஒவ்வொரு பேராகப் படித்தாள், பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது மாதிரி.

டெரெக் ப்ரோபர்ட்? “சம்மதம்.” பெத்தன் கண்ணை மூடித் திறந்தாள். தம்பியின் முதலாளி. அவர் எதிர்ப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். ஓய்வுபெற்ற டீச்சரம்மா சம்மதம். பஸ் டிரைவர் சம்மதம். பட்டாளத்திலிருந்து வந்து குடியேறினவர் எதிர்ப்பு.

ஷீலா பெடோஸ்?

ஷீலா ஆன்ட்டி ஊரின் ஒரே கடைக்காரி. தம்பிக்கு ஞானத்தாய். கார்லிக்குச் சனிக்கிழமை வேலை கொடுப்பவள். போன மாதம் பிறக்கப்போகும் குழந்தைக்கு மஞ்சள் கம்பளியில் தொப்பி பின்னிக் கொடுத்தவள். பதில் வர இவ்வளவு நேரமா என்று பெத்தன் நினைப்பதற்குள் வந்துவிட்டது, இருமலுக்கு நடுவில்.

“எதிர்ப்பு.”

சேர்மன் எதிர்ப்பு. மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் சேர்மனுக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அதையும் போட்டார்.

தன்னையும் சேர்த்திருந்தால் நாலுக்கு மூன்று. அந்த நாலாவது ஓட்டைத் தன் கையாலேயே வெளியே கொண்டுவந்து சமையலறையில் நிறுத்தியிருக்கிறாள். பெத்தனுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கையில் ஒன்றும் இல்லை.

*

கேரத்துக்கு அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பண்ணைக்குப் போய்ச் சேர்வதற்குள் டெரெக் போன் பண்ணிவிட்டார். கேரவன் படியில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான். இருபத்திமூன்று வயது. அவளைவிட இரண்டு வயது இளையவன், அவளைவிட இரண்டு மடங்கு அகலம்.

திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்தாள். திட்டவில்லை. சம்மதம் சொல்ல நாலு பேர் இருந்தார்களாமே, ஓட்டு இருந்ததாமே என்று நிதானமாகக் கேட்டான். அப்படி இல்லை, பேர் கேட்காவிட்டால் அந்த ஆள் மூன்றாவது தடவையும் மனசு புரிகிறது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று அவள் விளக்கினாள். விளக்கும்போதே அது பரீட்சைப் பதில் மாதிரி கேட்டது அவளுக்கே.

“நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்,” என்றான் கேரத். “நீ எப்பவும் சரிதான். நான் எங்க பெத் போறது?”

உள்ளேயிருந்து கார்லி கூப்பிட்டாள். காலை நீட்டிப் படுத்திருந்தாள், கணுக்கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருந்தது. இன்று கடைக்குப் போகவில்லை. கேரவனுக்குள் ஜூலை வெயில் தகரம் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன விசிறி சூட்டை இங்கிருந்து அங்கே நகர்த்தியது. ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை, அலையக் கூடாது, கவலைப்படக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாளாம். கவலைப்படக் கூடாது என்று சொன்னபோது கார்லியே சிரித்துவிட்டாள்.

“உங்க அம்மாவத் திட்டாதே பெத்,” என்றாள் அப்புறம். “நேத்து ராத்திரி கேரத் ஏதோ சொன்னான், அம்மா அந்தாளு பக்கம்னு. அப்படியெல்லாம் இல்ல. செவ்வாக்கிழமை எனக்குத் தலை சுத்தினப்ப அவங்கதான் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மத்தியானம் பன்னெண்டுலேருந்து பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. கடைசி பஸ்ஸுலதான் திரும்பினோம், ஊர் வந்து சேர நடுராத்திரி தாண்டிடுச்சு. ஒரு சாண்ட்விச்கூட சாப்பிடல. எங்கயோ போகணும் போகணும்னு வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஆனா போகல.”

“எங்க போகணும்னாங்க?”

“தெரியல. ஏதோ ஒட்டணும்னாங்க.”

செவ்வாய்க்கிழமை. கவுன்சில் கூடுகிறது என்றால் ஊருக்கு அறிவிக்க வேண்டும். சர்ச் சுவரில் கண்ணாடி போட்ட பலகை, சாவி அம்மாவிடம். ஒட்டுகிற நாள் கணக்கில் சேராது, கூடுகிற நாளும் சேராது, நடுவில் மூன்று முழு நாள் அந்தத் தாள் தொங்க வேண்டும். சனிக்கிழமை கூட்டம் என்றால் புதன், வியாழன், வெள்ளி. அப்படியானால் செவ்வாய்க்கிழமையே ஒட்டியாக வேண்டும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா வீட்டு அங்கிக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் குண்டூசி டப்பாவோடு வாசலைத் தாண்டினதை மாடி ஜன்னலிலிருந்து பெத்தன் பார்த்திருந்தாள். பூனை எங்கேயாவது போயிருக்கும் என்று நினைத்தாள். குண்டூசிக்கும் பூனைக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யோசிக்கவில்லை.

உறுப்பினர்களுக்குச் செவ்வாய் காலையிலேயே மெயில் போய்விட்டது. அதனால் ஏழு பேரில் யாரும் சந்தேகப்படவில்லை. ஊருக்குத்தான் ஒரு நாள் குறைந்தது. வழக்கமாக வீடு வேண்டும் என்று கத்துகிற இருபது பேரில் இன்று மண்டபத்தில் இருந்தது நாலு பேர். மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. சனிக்கிழமை வேலையை மாற்றிக்கொள்ள ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் வந்திருப்பார்கள்.

மூன்று முழு நாள் இல்லாமல் கூடின கூட்டம் கூட்டமே இல்லை. அதில் எடுத்த முடிவும் முடிவே இல்லை.

கேரத்திடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் உடனே சேர்மன் வீட்டுக்கு ஓடுவான். போகும்போது கார்லி காலுக்கு ஒரு தலையணை கேட்டாள். எடுத்துக் கொடுத்தாள். அதன் உறை கிழிந்து பஞ்சு தெரிந்தது.

*

வீட்டுப் பின்கதவு திறந்தே இருந்தது. சமையலறையில் ஷீலா ஆன்ட்டி உட்கார்ந்திருந்தாள், கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல். எதிரே அம்மா. நடுவில் இரண்டு கோப்பை தேநீர், யாரும் தொடாமல் ஆடை கட்டியிருந்தது.

பெத்தனைப் பார்த்ததும் ஷீலா பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. அவள் காதில் விழட்டும் என்றே பேசினாள். பேர் போட்ட மினிட்ஸ் நாளைக்குப் பலகையில் தொங்கும், அதைத் தாண்டித்தான் ஊரே சர்ச்சுக்குப் போகும், ஞானப்பிள்ளைக்கு வீடு வேண்டாம் என்று சொன்னவள் கடையில் யார் பால் வாங்குவார்கள் என்று கேட்டாள்.

“ஏன் ஆன்ட்டி வேண்டாம்னீங்க?” என்றாள் பெத்தன். “தொப்பி பின்னின கைதானே.”

“உங்க அம்மா வளத்த வளப்புக்கு உனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.”

“தெரியும். சொல்லுங்க.”

ஷீலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா உதவிக்கு வரவில்லை.

“கடை யாரோட கட்டடம்?” என்றாள் ஷீலா. “சேர்மனோடது. செப்டம்பர் கடைசியில குத்தகை முடியுது. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்த அஞ்சு வருஷம் நான் அங்க நிப்பேன். எனக்கு அறுபத்தோரு வயசு. நான் எப்பவும் போல ஜன்னலப் பாத்துட்டு இருந்திருப்பேன் பெத். எதிர்த்திருக்க மாட்டேன். நீதான் என் பேரச் சொல்லச் சொல்லி எழுப்பி நிறுத்தினே. அவரு முகத்துக்கு நேரா.”

பெத்தனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தாலும் அது அந்த ஆளுக்குப் போடும் ஓட்டுத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த ஏப்ரன் முடிச்சு ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஷீலா அம்மா பக்கம் சாய்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். முப்பது வருஷச் சிநேகிதம், ஒரே ஒரு உதவி என்றாள். பேரை விட்டுவிட்டு ‘பெரும்பான்மை’ என்று மட்டும் எழுதக் கூடாதா? சேர்மன் ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்கும் அதுதான் சௌகரியம்.

அம்மா கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

“நடந்தது நடந்தபடிதான் எழுதுவேன் ஷீலா. பதினாலு வருஷமா வேற மாதிரி எழுதினதில்ல. உனக்காக ஆரம்பிச்சா, அப்புறம் அவருக்காகவும் எழுதணும்.”

ஷீலா எழுந்தாள். கதவருகே நின்று, சாயங்காலம் கார்லிக்குப் பால் கொண்டுபோய் வைக்கிறேன், நான் வைத்ததாகச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: கூட்ட அறிவிப்பு இன்ன தேதி ஊர்ப் பலகையில் ஒட்டப்பட்டது. அம்மாவின் விரல் அதுவரை மளமளவென்று வந்தது. தேதி வந்த இடத்தில் நின்றது.

பெத்தன் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஷீலா உட்கார்ந்த சூடு இன்னும் இருந்தது.

“என்னிக்கு ஒட்டினே?”

அம்மா திரையையே பார்த்தாள்.

“அம்மா. நான் ஜன்னல்ல இருந்தேன்.”

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முகம் திடீரென்று சின்னதாகிவிட்டது. பெத்தனுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. அப்பா அவர்களை விட்டு டெல்ஃபோர்டில் வேறு வீட்டுக்குப் போய்விட்டபோதுகூட இந்த முகம் இப்படி ஆகவில்லை.

“புதன்,” என்றாள் அம்மா.

அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் கார்லியின் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. நாலரை மணி பஸ்ஸைப் பிடித்திருந்தால் ஒட்டியிருக்கலாம். கார்லி கையை விடவில்லை. போன் பண்ணி யாரையாவது ஒட்டச் சொல்லியிருக்கலாம். சாவி கைப்பையில் இருந்தது. புதன் காலை ஒட்டினாள். கூட்டத்தை ஒத்திப்போட வேண்டும் என்று அப்போதே சேர்மனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் போனாள். அவர் வீட்டு வாசல்வரை போய்த் திரும்பிவிட்டாள்.

ஏன் என்று பெத்தன் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில்தான் அம்மா ஏழு வருஷம் தரை துடைத்தாள். அப்போது அவள் அவருக்குக் கிளெனிஸ், ‘நீ’. கிளார்க் ஆனபிறகு மிஸஸ் ப்ரீஸ், ‘நீங்கள்’. பதினாறு வயதில் படிப்பை விட்டவள் சட்டப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இந்த மேஜையில், வரி வரியாக விரல் வைத்துப் படித்து வாங்கின ‘நீங்கள்’ அது. அவர் காத்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தப்புக்காகப் பதினான்கு வருஷம் காத்துக்கொண்டிருந்தார். அவருடைய மைத்துனியின் மகள் ஒருத்தி அந்த வேலைக்குத் தயாராக இருப்பது ஊருக்கே தெரியும்.

“செவ்வாய்னு போட்டா யாருக்கும் தெரியாது,” என்றாள் அம்மா. கேள்வி மாதிரி சொன்னாள்.

“இப்பதான் ஷீலா ஆன்ட்டிகிட்ட ஒண்ணு சொன்னே.”

“சொன்னேன். நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு, நீ எடுத்துத் தர வேண்டாம்.” அம்மாவின் குரல் கூர்மையானது, உடனே தணிந்தது. “சரி, கூட்டம் செல்லாதுன்னே வெச்சுக்க. திரும்பக் கூடினா மட்டும் என்ன? நீ வெளியதான் நிக்கணும். திரும்ப மூணுக்கு மூணு. திரும்ப அவரு ஓட்டு. வீடும் வராது, என் வேலையும் போயிருக்கும். எதுக்குப் பெத்?”

பெத்தன் இதைக் கேரவனிலிருந்து வரும் வழி முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடினால் ஐந்து மணிக்குள் பதில் போய்விடும். திங்கள்கிழமை ஒட்டினால் செவ்வாய், புதன், வியாழன் சரியாக இருக்கும். சேர்மன் கூட்ட மறுத்தால் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கூட்டலாம். ஒன்று அவளுடையது.

இந்தத் தடவை ஊருக்குத் தெரியும். இருபது பேரும் வருவார்கள். ஜன்னல் சுவரோரம் உட்காருவார்கள். ஷீலா ஜன்னலைப் பார்க்கத் திரும்பினால் அங்கே அவர்கள்தான் இருப்பார்கள். டெரெக் சம்மதம் சொல்வார் என்று யாராவது நினைத்தார்களா? மனுஷர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்?

இதையெல்லாம் அவள் அம்மாவிடம் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“நிச்சயம் இல்ல,” என்றாள் அம்மா கடைசியில்.

“இல்ல.”

“என் வேலை போறது மட்டும் நிச்சயம்.”

பெத்தன் ‘போகாது’ என்று சொல்லியிருக்கலாம். நல்ல மகள் சொல்லியிருப்பாள். காலையில் அந்த மேஜையில் எழுந்து நின்று விதி விதி என்று கேட்டவள் அவள்தான். அது சேர்மனுக்கு மட்டும், ஷீலாவுக்கு மட்டும், அம்மாவுக்கு இல்லை என்றால், அவளுக்கும் அந்த ஆளுக்கும் என்ன வித்தியாசம்? அவரும் தனக்கு வேண்டியபோதுதான் விதியை எடுக்கிறார்.

“ஆமா,” என்றாள். “போகலாம்.”

வெளியே டிராக்டர் ஒன்று கடந்து போனது. ஜன்னலில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்து அடங்கின. அம்மா இரண்டு கையையும் விசைப்பலகையின் ஓரத்தில், எதையும் தொடாமல் வைத்திருந்தாள். சோப்பும் பாத்திரமும் தேய்த்த கை. விரல் மூட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

“உன் தம்பி பொண்டாட்டி பக்கத்துல உக்காந்ததுக்காக,” என்றாள் அம்மா. “அதை எந்த வரியில எழுதுறது?”

எழுந்துபோய் அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டால் அப்புறம் நகர முடியாது என்று பெத்தனுக்குத் தெரிந்தது. அதனால் எழுந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் ஜாக்கெட்டை எடுத்தாள். மேஜையிலிருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி மடித்துப் பையில் வைத்தாள்.

“எங்க போறே?”

“டெரெக்கைப் பாக்க. ரெண்டாவது கையெழுத்துக்கு.”

“அவரு ஏன்னு கேப்பாரு.”

“சொல்லுவேன். புதன்கிழமைதான் ஒட்டினாங்க, ஏன்னா செவ்வாக்கிழமை எங்க அம்மா கார்லியோட ஆஸ்பத்திரியில இருந்தாங்கன்னு சொல்லுவேன். ரெண்டையும் சேத்தே சொல்லுவேன், எங்க கேட்டாலும்.”

“பெத், நான் என்ன தேதி போடப்போறேன்னு இன்னும் சொல்லவே இல்லயே.”

“அது நீ எழுதுறதும்மா. அதுக்காக நான் காத்து நிக்கல.”

அம்மா அவளையே பார்த்தாள். இந்தப் பெண்ணைப் படிக்க வைத்தது யார் என்று யோசிப்பது மாதிரி இருந்தது. அதில் வருத்தம் எவ்வளவு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று பெத்தனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நின்று பார்த்துப் பிரிக்க அவள் முயலவும் இல்லை.

படியிறங்கினாள். கீரைப் பாத்தியைத் தாண்டி, கேட்டைத் திறந்து, சாலைக்கு வந்தாள். பின்கதவு திறந்தே கிடந்தது. தட்டச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காது தானாகப் பின்னால் போயிற்று. ஒன்றும் கேட்கவில்லை. அவள் ப்ரோபர்ட் பண்ணை பக்கம் திரும்பி, வேகத்தைக் குறைக்காமல் நடந்தாள்.